படகின் எடையும் ட்ரெய்லரின் தகடும்: பிரித்தானியாவில் ஒரு கொள்முதலின் நிகழ்வு ஆய்வு

பிரித்தானியாவில் பழைய சிறு படகு வாங்க வருகிறவர் படகின் உடலைத் தட்டிப் பார்க்கிறார், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கிறார், தரைப்பலகையைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். இவ்வளவுக்கும் அடியில் நிற்கும் ட்ரெய்லரைப் பற்றி அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: படகு இதில் பொருந்துமா? படகு ஏற்கெனவே அதன்மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கு விடை கிடைத்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் நீளத்தால் பொருந்துவது ஒன்று, எடையால் பொருந்துவது வேறொன்று. சாலைச் சட்டம் முதலில் கேட்பது எடையைத்தான். அதை ஒரே ஒரு கொள்முதலின் கணக்கை முழுமையாக விரித்துக் காட்டி விளக்குவதே இந்த ஆய்வின் நோக்கம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காருக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை உண்டு. பிரேக் தேய்ந்திருந்தாலும் டயர் வெடித்திருந்தாலும் யாரோ ஒரு பரிசோதகர் கண்ணில் அது படும். மொத்த எடை 3,500 கிலோவுக்கு உட்பட்ட ட்ரெய்லருக்கு அங்கே அப்படி எந்த ஆண்டுச் சோதனையும் இல்லை. இருபது ஆண்டுகள் உப்புநீரில் இறங்கி ஏறிய வண்டியைக்கூட, விற்பவரும் வாங்குபவரும் தவிர வேறு எவரும் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆகவே வாங்குபவரின் கவனம்தான் அங்கே உள்ள ஒரே சோதனை.

நிகழ்வின் பின்னணி

இலண்டனின் ஹாரோ பகுதியில் வாழும் ஈழத்தமிழ் நண்பர் ஒருவர், கரையோர மீன்பிடிப்புக்கு ஏற்ற, முன்புறம் சிறு அறை கொண்ட 5.5 மீட்டர் நீளக் கண்ணாடியிழைப் படகு ஒன்றை 2023ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் வாங்க முனைந்தார். படகு ஹாம்ப்ஷயர் கரையில் ஒரு படகுத்தளத்தில் நின்றது. விலையில் ட்ரெய்லரும் அடக்கம். படகின் எடை 650 கிலோ என்றும் ட்ரெய்லர் 1,300 கிலோ தாங்கும் என்றும் விற்பனை விளம்பரம் கூறியது. தாங்கும் அளவு படகைப் போல இருமடங்கு இருக்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதே நண்பரின் முதல் எண்ணம். ஹாரோவிலிருந்து எம்25, எம்3, எம்27 நெடுஞ்சாலைகள் வழியாகவும் பின்னர் ஏ31 வழியாகவும் பூல் துறைமுகத்துக்குப் படகை இழுத்துச் சென்று, அங்கே பெய்ட்டர் பூங்காவை ஒட்டி, படகுகளை நீரில் இறக்குவதற்கென உள்ள பொதுச் சரிவில் இறக்குவது அவருடைய திட்டம். விலை பேசுவதற்கு முன் ட்ரெய்லரை மட்டும் தனியாகப் பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்தார்.

உரிமம் எதை அனுமதிக்கிறது

நண்பர் பிரித்தானியாவில் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியது 2006இல். 1997 ஜனவரி 1ஆம் தேதிக்குப் பின் தேறியவர்களுக்கு இழுவை உரிமை நெடுங்காலம் குறுகியதாகவே இருந்தது. 750 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம். அதைவிடப் பெரியதாக இருந்தால் காரின் அதிகபட்ச அனுமதி எடையும் ட்ரெய்லரின் அதிகபட்ச அனுமதி எடையும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இழுவைக்கெனத் தனித் தேர்வு எழுத வேண்டும். நண்பருடைய டீசல் காரின் அனுமதி எடை 2,300 கிலோ. எனவே பழைய விதிப்படி அவருக்கு எஞ்சியது 1,200 கிலோ மட்டுமே. இந்த 1,300 கிலோ ட்ரெய்லரைக் காலியாக இழுத்தாலும் அது குற்றமாகியிருக்கும்.

2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றிலும் அந்தத் தனித் தேர்வு நீக்கப்பட்டது. அப்போது லாரி ஓட்டுநர்களுக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவியது. இழுவைத் தேர்வை எடுத்துவிட்டால் தேர்வாளர்களின் நேரம் லாரித் தேர்வுகளுக்குக் கிடைக்கும் என்பதே அரசின் கணக்கு. இன்று சாதாரணக் கார் உரிமம் உள்ளவர் 3,500 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம். வட அயர்லாந்துக்கு இந்த மாற்றம் பொருந்தாது. அங்கே தனித் தேர்வு தொடர்கிறது.

இந்தத் தளர்வைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். மாறியது ஓட்டுநரின் உரிமை. காரின் திறனோ ட்ரெய்லரின் திறனோ கடுகளவும் மாறவில்லை. உரிமம் 3,500 கிலோ என்று சொன்னாலும் கார் 2,000 கிலோ என்று சொன்னால் 2,000தான் எல்லை. தேர்வு போய்விட்டதே தவிரப் பயிற்சியின் தேவை போகவில்லை. ஆகவே இழுவைப் பயிற்சி தரும் ஒருவரிடம் நண்பர் ஒரு முழு நாள் பழக வேண்டும் என்பதை நான் நிபந்தனையாகவே வைத்தேன், அவரும் மறுக்கவில்லை. பின்னோக்கி ஓட்டும்போது ஸ்டியரிங்கைத் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் ட்ரெய்லர் போகும் என்பது சொன்னால் எளிதாகப் புரியும். சரிவில், பின்னால் ஆட்கள் காத்திருக்கும்போது கைக்கு வருவதற்கு ஒரு முழு நாள் பழக்கம் நிச்சயம் வேண்டும்.

காரின் தகடு

காரின் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ உற்பத்தியாளர் ஒட்டிய தகட்டில் வழக்கமாக நான்கு எடைகள் இருக்கும். முதல் வரி காரின் மொத்த அனுமதி எடை. இரண்டாவது, காரும் ட்ரெய்லரும் சேர்ந்த தொடர் எடை. அடுத்த இரண்டும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உரியவை. நண்பரின் காரில் முதல் வரி 2,300, இரண்டாவது 4,300. வேறுபாடு 2,000 கிலோ. இரண்டாவது வரியே இல்லாத கார்களும், இரண்டு வரியிலும் ஒரே எண் இருக்கும் கார்களும் உண்டு. அவற்றை இழுவைக்குப் பயன்படுத்தவே கூடாது. எவ்வளவு வலுவான காராகத் தோன்றினாலும் டோபார் (ட்ரெய்லரை மாட்டுவதற்காகக் காரின் பின்புறம் பொருத்தும் சட்டம்) பொருத்தும் கடைக்குப் போவதற்கு முன் இந்தத் தகட்டைப் பார்ப்பது நல்லது.

எடைக் கணக்கு

ட்ரெய்லரின் முன்சட்டத்தில் தகடு இருந்தது. துருவைத் துடைத்தபின் படிக்கவும் முடிந்தது. அதிகபட்ச மொத்த எடை 1,300 கிலோ. இங்கேதான் விளம்பரத்தின் முதல் பிழை. 1,300 என்பது ட்ரெய்லரும் அதன்மேல் உள்ள அனைத்தும் சேர்ந்த எடை. ட்ரெய்லரின் சொந்த எடை 320 கிலோ. ஆகவே அது சுமக்கக்கூடியது 980 கிலோதான்.

இரண்டாவது பிழை படகின் எடை. 650 கிலோ என்பது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வெற்று உடலின் எடை. உற்பத்தியாளரின் கையேடுகள் அப்படித்தான் தருகின்றன. எஞ்சின் அதில் இல்லை. 90 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சு அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டும் எஞ்சின், 165 கிலோ. துணைக்கு ஒரு சிறிய எஞ்சின் 25 கிலோ. 90 லிட்டர் தொட்டி நிறைந்தால், பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 0.74 கிலோ என்ற கணக்கில் 67 கிலோ. இரண்டு பேட்டரிகள் 44, சங்கிலியோடு நங்கூரம் 32, உயிர்காப்பு அங்கிகளும் கயிறுகளும் மோதல் தாங்கிகளும் 30, தூண்டில் சாமான்களும் பனிப்பெட்டியும் 35. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்கும்போது பொருட்படுத்தத் தோன்றாத எடைதான். கூட்டினால் 1,048 கிலோ. காகிதக் கணக்கிலேயே ட்ரெய்லர் தன் எல்லையைத் தாண்டிவிட்டது.

படகுத்தளத்தில் படகைத் தூக்கும் இயந்திரத்தில் எடைகாட்டி இருந்தது. பட்டியலில் இருந்த சாமான்களை ஏற்றி, தொட்டியை நிரப்பித் தூக்கிப் பார்க்க விற்பவர் சம்மதித்தார். காட்டிய எடை 1,110 கிலோ. காகிதக் கணக்கைவிட 62 கிலோ அதிகம். பழைய படகுகளில் இது வியப்பில்லை: தரைக்கு அடியில் அடைத்த மிதவை நுரை ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், முந்தைய உரிமையாளர்கள் சேர்த்த பலகைகளும் இருக்கைகளும் எந்தக் கையேட்டிலும் ஏறியிருக்காது. ஆகவே இப்போதிருந்த ட்ரெய்லரில் சாலைக்கு வந்தால் மொத்தம் 1,430 கிலோ. தகட்டின் எல்லையைவிட 130 கிலோ, அதாவது 10 விழுக்காடு கூடுதல்.

இத்தகைய கூடுதல் எடையைச் சாலையோரச் சோதனையில் கண்டால் அளவைப் பொறுத்து 100 முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிப்பார்கள். எடையைக் குறைக்கும்வரை வண்டியை நகர்த்தவும் தடை விதிக்கலாம். ஒரு படகின் எடையை நெடுஞ்சாலை ஓரத்தில் எப்படிக் குறைப்பது? நிலைமை ஆபத்தானது என்று கருதப்பட்டால் 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ஓட்டுநர் உரிமத்தில் புள்ளிகளும் விழும். அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பிரேக்தான். 1,300 கிலோவை நிறுத்த வடிவமைத்த பிரேக்கிடம் 1,430 கிலோவை நிறுத்தச் சொல்வது, முன்னால் போகிறவரின் உயிரை வைத்து ஆடும் சூதாட்டம்.

டயரில் ஓர் எண்

எடை மட்டுமே குறையாக இருந்திருந்தால், சாமான்களைக் காரில் ஏற்றி, எரிபொருளைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று விற்பவர் வாதிட்டிருப்பார். வாதிடவும் செய்தார். ஆனால் டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண் அதற்கு இடம் தரவில்லை. ஒவ்வொரு டயரிலும் அளவுக்குப் பின் சுமைக் குறியெண் ஒன்று இருக்கும். இங்கே இருந்தது 88. அந்த எண்ணுக்குரிய தாங்குதிறன் 560 கிலோ. இரண்டு டயர்களும் சேர்ந்தால் 1,120 கிலோ. ட்ரெய்லரின் மொத்த எடையில் 80 கிலோ முன்கொக்கி வழியாகக் காரின்மேல் இறங்குகிறது என்று வைத்துக் கழித்தாலும், சக்கரங்கள் 1,350 கிலோவைச் சுமக்க வேண்டும். ஒவ்வொரு டயருக்கும் 675 கிலோ. அதன் திறனைவிட 115 கிலோ மிகுதி. தகட்டின் 1,300 கிலோவுக்கே குறியெண் 93 இருந்திருக்க வேண்டும். முன்பு எப்போதோ பஞ்சரான டயர்களுக்குப் பதிலாக, அளவு பொருந்துகிறது என்பதற்காகச் சாதாரணக் கார் டயர்களை மாட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

டயரின் பட்டைகள் ஆழமாகவே இருந்தன. சட்டம் கேட்பது, டயரின் நடு முக்கால் பகுதியில் சுற்றிலும் 1.6 மில்லிமீட்டர், இவற்றில் அதைப் போலப் பல மடங்கு இருந்தது. படகு ட்ரெய்லரின் டயர் தேய்ந்து சாவதைவிட நின்ற இடத்திலேயே வெடிப்புவிட்டுச் சாவதே அதிகம். குளிர்காலம் முழுவதும் ஒரே இடத்தில் சுமையோடு நின்று, வெயிலில் காய்ந்து, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். இவற்றிலும் அவை இருந்தன.

இத்துடன் அந்த ட்ரெய்லரைப் பற்றிய தீர்ப்பு முடிந்தது. நண்பர் படகை மட்டும் வாங்கினார். ட்ரெய்லரின் பங்கு விலையிலிருந்து கழிக்கப்பட்டது. படகு தளத்திலேயே மரக்கட்டைகளின்மேல் காத்திருந்தது.

எந்த ட்ரெய்லர்

750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். பிரேக் இல்லாத ட்ரெய்லரின் எல்லை 750 கிலோ அல்லது காரின் வெற்று எடையில் பாதி, இவற்றுள் எது குறைவோ அது. ஆகவே பிரேக் உள்ளதுதான் என்பது முதலிலேயே முடிவாயிற்று. எஞ்சிய போட்டி இரண்டு புதிய ட்ரெய்லர்களுக்கு இடையே. ஒன்று ஒற்றை அச்சு, மொத்தம் 1,600 கிலோ, சொந்த எடை 380. மற்றது இரட்டை அச்சு, மொத்தம் 1,800 கிலோ, சொந்த எடை 480. படகோடு சேர்ந்து முதலாவது 1,490 கிலோவும் இரண்டாவது 1,590 கிலோவும் நிற்கும்.

இந்தத் தேர்வு எளிதாக இல்லை. ஒற்றை அச்சை வீட்டு முற்றத்தில் இருவர் கையால் தள்ளித் திருப்பிவிடலாம். இரட்டை அச்சு கையால் திரும்பாது, டயர்கள் தரையோடு உராய்ந்து முரண்டு பிடிக்கும். உப்புநீரில் நனையும் பேரிங்குகளும் பிரேக்குகளும் ஒன்றில் இரண்டு, மற்றதில் நான்கு. மேலும், இழுவைக்குப் புதியவர்கள் ட்ரெய்லரின் எடையைக் காரின் வெற்று எடையில் 85 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று காரவான் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி) வட்டாரத்தில் ஓர் அறிவுரை நிலவுகிறது. நண்பரின் காரின் வெற்று எடை 1,750 கிலோ. ஒற்றை அச்சு அந்த அறிவுரைக்குள் ஏறத்தாழ அடங்கியது. இரட்டை அச்சோ 91 விழுக்காட்டைத் தொட்டது. அது சட்டமல்ல, மேலும் காரவான் போல உயர்ந்த பக்கச்சுவர் படகுக்கு இல்லாததால் காற்றின் தள்ளலும் குறைவு. இருந்தாலும் அந்த அறிவுரையின் பின்னால் பலருடைய அனுபவம் இருக்கிறது. அதை நான் எளிதில் ஒதுக்கவில்லை.

இறுதியில் இரட்டை அச்சையே பரிந்துரைத்தேன். முதல் காரணம் நெடுஞ்சாலை: ஒரு டயர் வெடித்தால் ஒற்றை அச்சு ட்ரெய்லர் அந்தப் பக்கமே சரிந்து காரை இழுக்கும், இரட்டை அச்சில் மற்ற மூன்றும் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கும். இரண்டாவது காரணம் இடைவெளி: ஒற்றை அச்சில் மிஞ்சுவது 110 கிலோ, இரட்டை அச்சில் 210. படகு வைத்திருப்பவர்கள் எவரும் சாமான்களைக் குறைத்ததாக நான் பார்த்ததில்லை. எடை விகிதத்தைக் குறைக்க, தொட்டியில் 20 லிட்டர் மட்டும் வைத்துப் பயணம் செய்து, கடலுக்கு அருகே வந்தபின் நிரப்பிக்கொள்வது என்று முடிவாயிற்று. அதில் மட்டும் 50 கிலோவுக்கு மேல் குறைந்தது. முற்றத்தில் திருப்பும் சிக்கலுக்கு விடை, வண்டியைக் காரோடு சேர்த்தே பின்னோக்கி உள்ளே விடுவது. பூலுக்கு அருகிலேயே ஆண்டு வாடகைக்கு நிறுத்திவிடலாம் என்றும் பேசினோம். எஸெக்ஸ் கரைக்கும் வேல்ஸுக்கும் படகைக் கொண்டுபோகும் ஆசை நண்பருக்கு இருந்ததால் அது கைவிடப்பட்டது. ஒரே துறையில் மட்டும் மீன்பிடிக்கிறவருக்கு அதுவே மிகச் சிறந்த வழி என்பேன்.

உருளைகள் கொண்ட வகையா, நீள்பலகை கொண்ட வகையா என்பதில் அதிகம் தயங்கவில்லை. கண்ணாடியிழை உடலுக்கு நீள்பலகை எடையைப் பரவலாகத் தாங்கும். ஆனால் படகு மிதக்கும்வரை ட்ரெய்லரை ஆழத்தில் இறக்க வேண்டும். ஊசலாடும் சட்டத்தில் அமைந்த உருளைகளில் படகு ஆழமில்லாத நீரிலேயே வழுக்கி இறங்கும். சக்கர மையங்கள் நனைவதும் குறையும். உருளைகளையே தேர்ந்தோம், படகின் ஏராவுக்கு (அடிமரத்துக்கு) அடியில் கூடுதலாக இரண்டு உருளைகள் கேட்டு வாங்கினோம். 2012 அக்டோபர் 29க்குப் பின் செய்யப்பட்ட ட்ரெய்லருக்கு வகை ஒப்புதலோ தனி வாகன ஒப்புதலோ வேண்டும் என்பதால் அதற்கான சான்றிதழையும் விற்பனையாளரிடம் கேட்டுப் பெற்றோம். பட்டறையில் தானே பற்றவைத்து ட்ரெய்லர் செய்ய நினைப்பவர்கள் பலருக்கு இந்த விதி தெரிவதில்லை.

கொக்கியின்மேல் இறங்கும் எடை

ட்ரெய்லரின் மூக்கு காரின் டோபாலின்மேல், அதாவது டோபாரின் முனையில் உள்ள உருண்டையின்மேல், எவ்வளவு அழுத்துகிறது என்பது வண்டி நேராகப் போவதா, வாலாட்டுவதா என்பதைத் தீர்மானிக்கிறது. மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு என்பது பொதுவான அளவு. 1,590 கிலோவுக்கு அது 80 முதல் 111 கிலோ. காரின் கையேடு 100 கிலோ அனுமதித்தது, டோபாலைக் கவ்வும் ட்ரெய்லரின் கப்ளிங்கும் 100. ஆனால் டோபாரின் தகடு 85 என்றது. மூன்றில் எது குறைவோ அதுவே எல்லை. ஆக 80க்கும் 85க்கும் இடையே நிற்க வேண்டும். படகின் அணியம் (முன்முனை) முட்டி நிற்கும் வின்ச் தூணை, அதாவது படகை இழுத்து ஏற்றும் சுழல்கருவி உள்ள தூணைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அதற்கென உள்ள அளவுகோலால் அளந்து, 82இல் நிறுத்தினோம். அந்த இடத்தில் தூணின் அடியில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவைத்தோம். படகை ஒவ்வொரு முறையும் தூணில் முட்டும்வரை இழுத்துவிட்டால் எடையும் தானே சரியாக அமையும்.

அகலம், நீளம், விளக்கு

ட்ரெய்லரின் அகலம் 2.55 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 3,500 கிலோவுக்கு உட்பட்ட வாகனம் இழுக்கும் ட்ரெய்லரின் நீளம், காரோடு இணைக்கும் முன்கைச் சட்டத்தை நீக்கி, 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பிரிக்க முடியாத மிக நீளமான சுமைக்கென்றே செய்யப்பட்ட ட்ரெய்லர்களுக்கு இந்த நீள வரம்பில் விலக்கு உண்டு. சுமை பக்கவாட்டில் ஒவ்வொரு புறமும் 30.5 சென்டிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது, மொத்தம் 2.9 மீட்டரைத் தாண்டக் கூடாது; தாண்டினால் காவல்துறைக்கு முன்னறிவிப்பு முதலிய வேறு ஏற்பாடுகள் வேண்டும். இந்தப் படகின் அகலம் 2.25 மீட்டர், ட்ரெய்லர் 2.1 மீட்டர், கவலை இல்லை. பின்புறம் தூக்கி நிறுத்திய எஞ்சின் ட்ரெய்லரின் முடிவைத் தாண்டி 90 சென்டிமீட்டர் நீட்டியது. 1 மீட்டரைத் தாண்டினால் பிறர் கண்ணுக்குத் தெரியும்படி குறியிட வேண்டும், 2 மீட்டரைத் தாண்டினால் கோடிட்ட எச்சரிக்கைப் பலகை வேண்டும். நமது அளவு அதற்குள் இருந்தாலும் எஞ்சினின் உந்துவிசிறிக்குச் சிவப்பு உறை போடச் சொன்னேன். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முக உயரத்தில் கூரிய உலோகம் நிற்பதை எந்த மீட்டர் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

விளக்குகளுக்கு 1989ஆம் ஆண்டின் விதிகள் பொருந்தும். படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றும் விளக்குப் பலகையில் சிவப்புப் பின்விளக்கு, பிரேக் விளக்கு, ஆரஞ்சு நிறத் திருப்பு விளக்கு, மூடுபனி விளக்கு, இரண்டு சிவப்பு முக்கோணப் பிரதிபலிப்பான்கள், ஒளியூட்டிய எண்பலகை ஆகியவை இருக்க வேண்டும். எண்பலகையில் காரின் எண்ணே, மஞ்சள் பின்னணியில், முறையாகச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்; அட்டையில் பேனாவால் எழுதியது செல்லாது. அகலம் 1.6 மீட்டரைத் தாண்டியதால் முன்புறம் வெள்ளை விளக்கும், நீளம் 5 மீட்டரைத் தாண்டியதால் பக்கங்களில் ஆரஞ்சுப் பிரதிபலிப்பான்களும் தேவைப்பட்டன. பழைய ட்ரெய்லரில் இவை இரண்டுமே இல்லை. படகின் அகலம் காரின் கண்ணாடிகளை மறைத்ததால் நீட்டிப்புக் கண்ணாடிகளும் வாங்கினோம்.

இணைப்பும் கட்டும்

2014 ஜனவரியில் பிரிஸ்டல் நகரில், இழுத்துச் சென்ற வாகனத்திலிருந்து கழன்ற ட்ரெய்லர் ஒன்று நடைபாதையில் ஏறி, மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. அவனுடைய பெற்றோர் தொடர்ந்து குரல் கொடுத்தனர். ட்ரெய்லர் பாதுகாப்பைப் பற்றி அரசு அறிக்கை தர வேண்டும் என்ற கடமை 2018ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றில் இடம்பெற்றது. ட்ரெய்லரைக் காரில் மாட்டும் ஒவ்வொரு முறையும் இது நினைவில் இருக்க வேண்டும் என்பதால்தான் இங்கே குறிப்பிடுகிறேன்.

கப்ளிங் டோபாலைக் கவ்வியதா என்பதைக் கைப்பிடியின் நிலையும் பச்சைக் குறியும் காட்டும். அவற்றை மட்டும் நம்பாமல், ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் உள்ள சிறு முன்சக்கரத்தின் கைப்பிடியைச் சுழற்றி மூக்கைச் சற்று உயர்த்திப் பார்க்க வேண்டும். காரின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பிடிப்பு உண்மை. அடுத்தது அறுபடு கம்பி. ட்ரெய்லர் கழன்றுவிட்டால் இந்த மெல்லிய கம்பி ட்ரெய்லரின் பிரேக்கை இழுத்துப் பூட்டிவிட்டுத் தான் அறுந்துபோகும். ஆகவே அதை டோபாரில் அதற்கென உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். தரையில் உரசும் அளவு தளர்வாகவோ, திருப்பங்களில் இழுபடும் அளவு இறுக்கமாகவோ இருக்கக் கூடாது. டோபாலின் கழுத்தில் வெறுமனே போட்டுவைப்பவர்களைப் பல சரிவுகளில் பார்க்கிறேன். கப்ளிங் எகிறும்போது அந்தக் கண்ணியும் சேர்ந்து எகிறிவிடக்கூடும்.

படகைக் கட்டுவதில் நண்பருக்கு இருந்த தவறான எண்ணம், வின்ச் பட்டையே படகைப் பிடித்திருக்கும் என்பது. வின்ச் படகை ஏற்றுவதற்கான கருவி. பயணத்தில் பிடித்துவைப்பதற்கு அணியத்தில் ஒரு சங்கிலியும், பின்பலகையின் இரு வளையங்களிலிருந்து ட்ரெய்லர் சட்டத்துக்கு இரண்டு ராட்செட் பட்டைகளும் வேண்டும். முதல் பத்து மைலில் நிறுத்தி அவற்றை மீண்டும் இறுக்கினோம். சக்கர போல்ட்டுகளையும் அப்போதே விசைமானியால் சரிபார்த்தோம்.

சாலையில்

ட்ரெய்லரோடு போகும் காருக்கு நடுவில் பிரிப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், நடுவில் பிரிப்புள்ள இரட்டைச் சாலையிலும் நெடுஞ்சாலையிலும் 60 மைல் உச்சவேகம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள நெடுஞ்சாலையில் வலது ஓரத் தடத்தில் போகக் கூடாது. எம்3இல் இது முழுமையாகப் பொருந்தும். நண்பர் 55ஐத் தாண்டவில்லை. புறப்படும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டதில், காரோடு இணைந்திருக்கும்போது பிறருக்கு ஏற்படும் சேதத்துக்குக் காப்பு உண்டு என்றும், ட்ரெய்லரும் படகும் களவு போனால் கார்க் காப்பீட்டில் எதுவும் கிடைக்காது என்றும் பதில் வந்தது. படகுக்குத் தனிக் காப்பீடு எடுத்து ட்ரெய்லரையும் அதில் சேர்த்தார். கொக்கிப் பூட்டும் சக்கரப் பூட்டும் அந்தக் காப்பீட்டின் நிபந்தனைகள்.

வழியில் ஒரு பொது எடைமேடையில் ட்ரெய்லரை நிறுத்தி எடை பார்த்தோம். நண்பரின் சொந்தச் சாமான்களோடும் 20 லிட்டர் எரிபொருளோடும் 1,560 கிலோ. அந்தச் சீட்டை அவர் காரிலேயே வைத்திருக்கிறார். யாரேனும் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

உப்புநீர்

நூறு மைல் ஓடிவந்த சக்கர மையம் சூடாக இருக்கும். அதை அப்படியே குளிர்ந்த கடல்நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உள்ளே உறிஞ்சும். பேரிங் அழிவதன் பெரும்பங்கு சரிவின் அந்தச் சில நிமிடங்களில்தான் தொடங்குகிறது. ஆகவே பெய்ட்டருக்கு வந்ததும் அரைமணி நேரம் காத்திருப்பது வழக்கமாக்கப்பட்டது; விளக்குப் பலகையைக் கழற்றுவதும் பட்டைகளை அவிழ்ப்பதும் அந்த நேரத்தில் நடக்கும். பூல் துறைமுகத்தில் கடல் ஏற்றம் இரட்டையாக வந்து நீண்ட நேரம் உயர்ந்தே நிற்பதால், அவசரப்பட வேண்டிய தேவையும் இல்லை.

கரையேறியதும் பிரேக் டிரம்களின் கழுவு குழாய்களில் நன்னீர் பாய்ச்ச வேண்டும். ட்ரெய்லரை நிறுத்திவைக்கும்போது கைப்பிரேக்கை இழுத்துவைக்கக் கூடாது. உப்பும் ஈரமும் சேர்ந்து பிரேக் ஷூவை டிரம்மோடு ஒட்டிவிடும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்துக் கைப்பிரேக்கை விடுவித்து வைப்பதே முறை. பேரிங்குக்குக் கிரீஸ் அழுத்தும் ஸ்பிரிங் மூடிகள் கடைகளில் பரவலாகக் கிடைக்கின்றன. பிரேக் இல்லாத சிறு ட்ரெய்லர்களுக்கு அவை பயன்படும். பிரேக் உள்ள மையத்தில் கிரீஸை மிகுதியாக ஏற்றினால் அது பின்சீலைத் தாண்டி ஷூவின்மேல் படிந்து பிரேக்கையே செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் இந்த ட்ரெய்லரில் நாங்கள் பொருத்தவில்லை.

முதல் பருவத்தின் முடிவில் நான்கு டிரம்களையும் கழற்றிப் பார்த்தோம். மூன்றில் குறையில்லை. இடது பின்சக்கரத்தில் பிரேக் கேபிளின் உறைக்குள் துரு பிடிக்கத் தொடங்கி, ஷூ முழுமையாகத் திரும்பாமல் சற்றே உரசிக்கொண்டிருந்தது. ஓட்டும்போது அது தெரியவில்லை. பயணத்துக்குப் பின் நான்கு மையங்களையும் தொட்டுப் பார்த்தபோது அது மட்டும் அதிகச் சூடாக இருந்ததை நண்பர் குறித்து வைத்திருந்தார். கேபிள் மாற்றப்பட்டது, பிரேக் இடைவெளி நான்கிலும் மீண்டும் சீரமைக்கப்பட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு மையங்களையும் தொட்டுப் பார்ப்பது அவருடைய புறப்பாட்டுப் பட்டியலில் அன்று சேர்க்கப்பட்டது.